சனிக்கிழமை வயிற்றுவலி

ரீச்சரிடம் கேளுங்கள்

ஓகஸ்ட் நெருங்கினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே விடயத்தைத்தான் பேசும்: தரம் 5 புலமைப்பரிசில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் அரசாங்கப் பரீட்சை. இந்த முறை விசுவமடு, அக்கராயன், மாங்குளம், மல்லாவி என்று வன்னியின் நாலு திசையிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் ஆரம்பப் பிரிவில் நின்றவள் என்ற உரிமையோடு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

ரீச்சர், மகளை மூன்று இடத்துக்கு ரியூசனுக்கு அனுப்புகிறோம். சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பில் பேப்பர் செய்விப்பார்கள். இரண்டு மாதமாகச் சனிக்கிழமை விடிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார்கள். முன்பு 150க்கு மேல் எடுத்தவள் இப்போது 118, 121 என்று நிற்கிறாள். நடிக்கிறாளா? இன்னொரு வகுப்பில் சேர்த்தால் சரிவருமா?
ஒரு தாய், விசுவமடு

அவள் நடிக்கவில்லை, தங்கச்சி. பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் பயத்தை வாயால் சொல்லத் தெரியாது, வயிறுதான் சொல்லும். வலி உண்மையான வலி. முதலில் வைத்தியரிடம் காட்டினீர்களே, அது சரியான வேலை. அங்கே ஒன்றுமில்லை என்ற பிறகு, அந்த வலி ஏன் சனிக்கிழமை மட்டும் வருகிறது என்று பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான். பெரியப்பா வீட்டுக்குப் பாலைப்பழம் பொறுக்கப் போன நாளில் துள்ளிக்கொண்டு போனாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் இருந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பாடசாலை ஆறு மணித்தியாலம். பின்னேர வகுப்பு இரண்டு. இரவில் நீங்கள் இருத்திவைத்துச் செய்விப்பது இரண்டு. எல்லாமாகப் பத்து. கூலிக்கு வயலில் நிற்கும் பெரிய ஆட்களே எட்டு மணித்தியாலத்தில் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிடுவார்கள். இன்னொரு வகுப்பு வேண்டவே வேண்டாம். இருக்கும் மூன்றில் இரண்டை நிறுத்துங்கள். எதை வைத்துக்கொள்வது என்று மகளிடமே கேளுங்கள். எந்த வகுப்பில் விளங்காததைக் கேட்க அவளுக்குப் பயமில்லையோ, அதுதான் நல்ல வகுப்பு.

புள்ளி ஏன் இறங்கியது என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். 2003, போர்நிறுத்த காலம். அப்போது நான் மாதிரிப் பேப்பர்களைத் திருத்தி, திங்கட்கிழமை காலையில் கூடிய புள்ளியிலிருந்து குறைந்த புள்ளி வரை பெயர் சொல்லி வாசிப்பேன். பிள்ளைகளுக்கு ரோசம் வரும், படிப்பார்கள் என்று நம்பியிருந்தேன். ஒரு பையனின் பெயர் எப்போதும் கடைசி நாலைந்துக்குள் வரும். பேப்பரில் வீட்டாரின் ஒப்பம் வாங்கி வா என்றால், மறந்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அந்த வருடம் ஆனி மாதம் அவனுடைய தாய் வேலி அடைக்கப் பழைய ஓலையைப் பிரித்தபோது, ஓலைக்கு நடுவில் சுருட்டிச் செருகியபடி பதினொரு பேப்பர் இருந்தன. மழை பட்டு மஞ்சளாகி, சிலதைக் கறையான் தின்றிருந்தது. அவ அதைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தா.

அன்றிரவு பதினொன்றையும் பாயில் வரிசையாக விரித்தேன். ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தேனே தவிர, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிள்ளை ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்திருந்தான். ‘பொருந்தாதது எது’, ‘தவறான கூற்று எது’ என்று கேட்ட இடமெல்லாம் பொருந்துவதையும் சரியானதையும் தெரிவுசெய்திருந்தான். கேள்வியை முடிவு வரை வாசிக்காமல் விடைக்குத் தாவியிருக்கிறான். பேப்பருக்கு ஆறு, ஏழு கேள்வி அப்படியே போயிருந்தது. அவனுக்கு அவ்வளவும் தெரியும்!

‘கேள்வியில் எதைக் கேட்கிறார்களோ அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போடு, பிறகு விடையைப் பார்’ என்று மட்டும்தான் அவனுக்குச் சொன்னேன். இரண்டு கிழமையில் மேலே வந்துவிட்டான். அதற்குப் பிறகு நான் ஒரு வகுப்பிலும் புள்ளி வாசித்ததில்லை. ஆறு மாதம் அந்தப் பிள்ளையைக் கடைசியில் வாசித்தேனே என்பது இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

நீங்களும் மகளின் பழைய பேப்பர்களைப் பாயில் விரியுங்கள். ஒரு கொப்பியில் மூன்று பகுதி பிரித்து, பிழைத்த கேள்விகளை எழுதுங்கள். பாடம் தெரியாமல் பிழைத்தது ஒன்று. தெரிந்தும் சரியாக வாசிக்காமல் பிழைத்தது இன்னொன்று. நேரம் போதாமல் விட்டது மூன்றாவது. முதலாவதை மட்டும் வகுப்பாசிரியரிடம் கொண்டுபோங்கள். மற்ற இரண்டும் வீட்டில் ஆறுதலாகச் சரிப்படுத்தக் கூடியவை. 150க்கும் 118க்கும் நடுவில் காணாமல் போன 32 புள்ளியில் பெரும்பகுதி அந்த இரண்டில்தான் கிடக்கும் என்பது என் அனுபவம். களைத்த பிள்ளை அப்படித்தான் பிழை விடும். சனிக்கிழமை வகுப்பால் வந்ததும் ‘எத்தனை?’ என்று வாசலில் வைத்துக் கேட்பதை விடுங்கள். சாப்பிட்டு முடியட்டும், பிறகு ‘இன்றைக்கு எந்தக் கேள்வி உன்னை மடக்கினது?’ என்று கேளுங்கள். பிள்ளை தானாகவே பேப்பரை எடுத்துக்கொண்டு வருவாள்.

நான் தோட்டம், வயல் செய்கிறவன். 1996 இடப்பெயர்வோடு எட்டாம் வகுப்பில் படிப்பு நின்றுபோனது. மனைவியும் அப்படித்தான். மகனின் கணக்குக் கொப்பியைப் பார்த்தால் எனக்கு விளங்குவதில்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் என்ன செய்யலாம் ரீச்சர்?
ஒரு தகப்பன், அக்கராயன்

தம்பி, 1996இல் கிளிநொச்சியை விட்டு வந்த பிள்ளைகளுக்கு உங்கள் ஊர்ப் பக்கம் மரத்தடியில் படிப்பித்தவள் நான். கரும்பலகையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். உங்கள் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் அப்படியே நின்றுபோனார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி மகனுக்கு முன்னால் வெட்கப்படாதீர்கள்.

தரம் 5 கணக்கில் பாதி உங்கள் வளவுக்குள்ளேயே கிடக்கிறது. இரண்டு மாடு கறக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் 4 லீற்றர் 750 மில்லிலீற்றர், பின்னேரம் 2 லீற்றர் 500 மில்லிலீற்றர் என்று வைப்போம். மொத்தம் எவ்வளவு என்று மகனிடம் கேளுங்கள். இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் 6 லீற்றர் 1250 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பிழை என்று அடிக்க வேண்டாம். ஒரு லீற்றர்ப் போத்தலை எடுத்து அவனுக்கு முன்னால் வையுங்கள். 750 ஊற்றுங்கள். இன்னும் 250 ஊற்றினால் போத்தல் நிறைந்துவிடும். மிச்சம் 250. அந்த நிறைந்த போத்தலை மற்ற ஆறோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஏழு போத்தல், வெளியே 250. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு 1250 என்று எழுத மாட்டான். அப்புறம், வீட்டுத் தேத்தண்ணிக்கு 750 எடுத்தால் பால் சேகரிக்க வருபவருக்கு எவ்வளவு கொடுப்போம் என்று கேளுங்கள். 6 லீற்றர் 500 என்று அவனே சொல்லுவான்.

நேரக் கணக்கும் இப்படித்தான். காலை 6.45க்கு வெளிக்கிடும் பஸ் 7.20க்குக் கிளிநொச்சியில் நின்றால் எத்தனை நிமிட ஓட்டம்? 720இலிருந்து 645ஐக் கழித்து 75 நிமிடம் என்பார்கள். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பத்துப் பேராவது அப்படி எழுதுவார்கள். கையில் மணிக்கூட்டைக் கொடுத்து, 6.45இலிருந்து 7 மணி வரை எத்தனை, 7இலிருந்து 7.20 வரை எத்தனை என்று முள்ளைத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். பதினைந்தும் இருபதும் முப்பத்தைந்து. வேறு வித்தை ஒன்றும் இல்லை.

முதலாம் வினாத்தாள் நுண்ணறிவுப் பேப்பர் என்றால் பெற்றோர் பயப்படுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 20 மீற்றர் நீள வேலி, 2 மீற்றருக்கு ஒரு கதியால் நட வேண்டும். எத்தனை கதியால் வேண்டும்? ரியூசனுக்குப் போகும் கெட்டிக்காரப் பிள்ளையும் 10 என்று சொல்லும். நீங்கள் 11 கதியால் வெட்டிக்கொண்டு போவீர்கள், ஏனென்றால் தொடக்கத்திலும் ஒன்று நட வேண்டும் என்று உங்கள் கைக்குத் தெரியும். மகனைக் கூட்டிக்கொண்டு போய் நட்டுக் காட்டுங்கள். இதே கேள்வி மின்கம்பமாகவும், வீதியோர மரமாகவும், கொடியில் குத்தும் கிளிப்பாகவும் பேப்பரில் வரும். அதேபோல அவனுடைய அம்மா கோலம் போடும்போது பக்கத்தில் இருத்தி, அடுத்த வரிசைக்கு எத்தனை புள்ளி வரும் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒழுங்கு கண்டுபிடிக்கும் கேள்வி என்பது அதுதான்.

சுற்றாடலுக்கு நீங்களே புத்தகம். குளத்துத் துருசைத் திறந்தால் தண்ணீர் எந்த வாய்க்காலால் எங்கே போகிறது, நெல்லுக்கு எந்தப் பூச்சி பகை, எந்தக் குருவி உதவி என்பதெல்லாம் அவனோடு கதைத்தாலே போதும். இரவில் அதை மூன்று வசனமாக எழுதச் சொல்லுங்கள்.

கொப்பியில் உள்ளது விளங்கவில்லை என்றால் மகனையே ஆசிரியராக்கிவிடுங்கள். ‘அப்பாவுக்கு இது விளங்கேல்ல, ஒருக்கா சொல்லித்தா’ என்று கேளுங்கள். விளக்கிக்கொண்டு வரும்போது எந்த இடத்தில் தடக்குகிறானோ, அந்த இடத்துக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த நாள் அதைத் தன் ஆசிரியரிடம் கேட்கட்டும். படித்த தாய் தகப்பனில் பலர் தாங்களே செய்து காட்டிவிடுகிறார்கள். பிள்ளை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். உங்களிடம் அந்தப் பிரச்சினையே இல்லை.

பரீட்சை நாளில் என்ன கொண்டுபோக வேண்டும், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?
ஒட்டுசுட்டான்

கடந்த சில வருடங்களாக இரண்டாம் வினாத்தாளைத்தான் முதலில் கொடுக்கிறார்கள், 9.30இலிருந்து 10.45 வரை. அரை மணித்தியாலம் இடைவேளை. பிறகு முதலாம் வினாத்தாள், 11.15இலிருந்து 12.15 வரை. வீட்டில் பேப்பர் செய்விக்கும்போதும் இதே ஒழுங்கில் செய்வியுங்கள். பிள்ளை 9 மணிக்கு முன்பே மண்டபத்தடியில் நிற்க வேண்டும். பழகிய பென்சில் இரண்டு, பேனா, அழிரப்பர், தண்ணீர்ப் போத்தல் போதும். புதுப் பேனா, புதுச் சப்பாத்து வேண்டாம். பரீட்சை இலக்கமான சுட்டெண்ணைச் சீருடையில் குத்தியிருந்தாலும், பிள்ளைக்கு அது பாடமாகவும் இருக்க வேண்டும். காலையில் வழக்கமாகச் சாப்பிடும் புட்டையோ இடியப்பத்தையோ கொடுங்கள். காட்டுப் பாதையால் வரும் பிள்ளைகள் என்றால் யானை வெளிக்கிடும் நேரத்தை நினைத்து, முதல் நாளே மண்டபத்துக்குக் கிட்டவுள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்கவைப்பது நல்லது. பெற்றோர் உள்ளே போக முடியாது. வாசலில் நின்று கடைசி நேரப் புத்திமதி சொல்ல வேண்டாம், சிரித்துக்கொண்டு அனுப்புங்கள்.

‘நிச்சயம் வரும் வினாக்கள்’ என்று ஒரு கட்டு 2000 ரூபாவுக்கு விற்கிறார்கள். எல்லாரும் வாங்கினார்கள், நானும் வாங்கவா?
ஒரு தாய், மாங்குளம்

வாங்க வேண்டாம். நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 2024இல் முதலாம் வினாத்தாளின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியே வந்து, விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்க வேண்டி வந்தது. தீர்ப்பு வரும் வரை மூன்று மாதத்துக்கு மேலாகப் பத்து வயதுப் பிள்ளைகள் திரும்பவும் எழுத வேண்டுமோ என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அந்தரத்தை நான் எங்கள் ஊரில் கண்ணால் பார்த்தேன். குறுக்கு வழியில் ஒருவன் சம்பாதிக்க, அத்தனை பிள்ளைகளும் தவித்தார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

2000 ரூபாவுக்கு நாலு கதைப்புத்தகம் வாங்குங்கள். கடந்தகால வினாத்தாள் ஐந்து வருடத்துக்கு உரியதை எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும். அக்கா, அண்ணன் எழுதின வீடுகளில் கேட்டாலே கிடைக்கும். கிழமைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரு பேப்பர் செய்ய இரண்டேகால் மணித்தியாலம் என்றால், அதைத் திருத்திப் பிழையைப் பார்க்கவும் அதேயளவு நேரம் வேண்டும். முதலாம் வினாத்தாளில் 40 கேள்வி, 60 நிமிடம். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் வருகிறது. ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் சின்ன அடையாளம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகப் பழக்குங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் விழுவார்கள், விட்டுவிட்டுப் போக மனம் வராது. பரீட்சைக்கு முந்திய சில நாட்களுக்கு வகுப்புகள், கருத்தரங்குகள், மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்கிறது. அந்த நாட்களில் இரகசியமாக வீட்டுக்குள் வகுப்பு வைப்பவர்களிடம் அனுப்பாதீர்கள். பிள்ளை ஓடி விளையாடட்டும்.

மகளுக்குக் கணக்கு நன்றாக வரும். எழுத்துப் பிழைதான் தாங்க முடியவில்லை. ர, ற, ள, ழ எல்லாம் மாறி மாறி வருகிறது.
முள்ளியவளை

எங்கள் வாயில் ள, ழ இரண்டும் ஒரே மாதிரித்தான் வருகின்றன. காதால் கேட்டு எழுதும் பிள்ளை பிழை விடத்தானே செய்யும்? ஆகவே கண்ணுக்குப் பழக்க வேண்டும். குசினியிலேயே தொடங்கலாம்: கறி சமைக்கிற அடுப்பில் கரி. அப்பா குளத்தில் பிடித்தது வாளை, வளவில் நிற்பது வாழை. கிளிநொச்சியில் பறப்பது கிளி, தாளைக் கிழிக்கிறபோது கிழி. இப்படிச் சோடி சோடியாக ஒரு சின்னக் கொப்பியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சோடி போதும். பக்கத்தில் அவளே படம் கீறட்டும். இரவில் ஐந்து சொல் சொல்வதெழுதல். பிழைத்த சொல்லைப் பத்துத் தரம் எழுதச் சொல்லும் பழைய தண்டனை வேண்டாம், நாலாவது தரத்திலிருந்து கைதான் எழுதும், மனம் வேறெங்கோ போய்விடும். அந்தச் சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதட்டும்.

சத்தமாக வாசிக்கவையுங்கள். கோயில் திருவிழா நோட்டீஸ், மருந்துப் பெட்டி, கடைப் பலகை, எது கிடைத்தாலும் சரி. ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது ஊர்ப்பெயர்ப் பலகையில் மூன்று மொழியும் இருக்கும். இரண்டாம் வினாத்தாளில் ஆங்கிலமும் சிங்களமும் கொஞ்சம் வரும். அந்தப் பலகைகளை வாசித்துக்கொண்டு போவதே பிள்ளைக்கு ஒரு விளையாட்டு.

மகன் சித்தியடைந்தால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பிக்க நினைக்கிறேன். மனைவிக்கு விருப்பமில்லை. யார் சொல்வது சரி?
ஒரு தகப்பன், மல்லாவி

இந்தப் பரீட்சையில் இரண்டு விடயம் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கிறது, அதைப் பிரித்துப் பாருங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்த உதவிப்பணம் ஒன்று. அது 750 ரூபாவாக இருந்து 2025இல் 1500 ஆகியது. பிரபலமான பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு இடம் மற்றது. உதவிப்பணத்துக்காகப் பாடசாலை மாறத்தான் வேண்டும் என்றில்லை. தெரிவாக எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறுபடும், பெரிய பாடசாலைகள் தங்களுக்கென்று அதைவிடக் கூடிய புள்ளி கேட்கும்.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில், 1940களில், மத்திய பாடசாலைகளைத் தொடங்கி, கிராமத்து ஏழைப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துத் தெரிந்து அங்கே விடுதியில் இருத்திப் படிப்பித்தார்கள். அன்றைக்குக் கிராமத்தில் வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு உங்கள் பக்கத்திலேயே உயர்தரம் வரை உள்ள பாடசாலைகள் இருக்கின்றன. வவுனியாவும் கிளிநொச்சியும் எட்டும் தூரம். ஆகவே அவசரப்படத் தேவையில்லை.

விடுதியில் நன்றாக வந்த பிள்ளைகளும் உண்டு, மூன்று மாதத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்த பிள்ளைகளும் உண்டு. நான் பார்ப்பது சின்னச் சின்ன விடயங்களை. தன் உடுப்பைத் தானே தோய்ப்பானா? காய்ச்சல் வந்தால் வாய் திறந்து சொல்லுவானா? அம்மம்மா வீட்டில் இரண்டு கிழமை நின்றால் மூன்றாம் நாள் ஏங்குவானா? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவ உங்கள் மனைவிதான். அவவிடம் ‘ஏன் விருப்பமில்லை?’ என்று இன்னும் கேட்கவில்லைப் போல உங்கள் கடிதத்தை வாசிக்கத் தெரிகிறது. முதலில் அதைக் கேளுங்கள். பிறகு மகனிடமும். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: ‘நீ பாஸ் பண்ணினால் யாழ்ப்பாணம்’ என்று இப்போதே சொல்லி வைக்காதீர்கள். வீட்டை விட்டுப் போக விருப்பமில்லாத பிள்ளை வேண்டுமென்றே பிழையாக எழுதிவிட்டு வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பேரனை நான்தான் வளர்க்கிறேன். மகள் குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்து அவனிடம் எத்தனை மார்க்ஸ் என்று கேட்பாள். போன கிழமை இரவு படுத்திருக்கும்போது, ‘அம்மம்மா, நான் பாஸ் பண்ணாட்டி அம்மா வரமாட்டாவா?’ என்று கேட்டான். எனக்கு வாயில் சொல் வரவில்லை. எனக்குப் படிப்பும் இல்லை. என்ன சொல்ல ரீச்சர்?
ஒரு அம்மம்மா, புதுக்குடியிருப்பு

அம்மா, உங்கள் கடிதத்தை யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டு எழுதுவித்திருக்கிறீர்கள். அதை மூன்று தரம் வாசித்தேன்.

2009 ஓகஸ்டில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மனிக் பாம் முகாமிலும் பிள்ளைகள் இந்தப் பரீட்சையை எழுதினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். தறப்பாளின் கீழ் இருபத்துமூன்று பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தேன். நினைவில் இருந்த பழைய கேள்விகளை மட்டையில் எழுதிப் பிடிப்பேன். ஒரு பென்சிலை இரண்டாக முறித்து இரண்டு பேருக்குக் கொடுத்தோம். பரீட்சைக்கு முதல் நாள் ஒரு பெண்பிள்ளை, தகப்பனை இழந்தவள், என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு கேட்டாள்: ‘ரீச்சர், ரிசல்ட் எந்த அட்ரஸுக்கு வரும்?’ ஊரிலும் வீடில்லை, முகாமிலும் நாளைக்கு எந்தக் கூடாரம் என்று தெரியாது. பிள்ளை புள்ளியைப் பற்றிக் கவலைப்படவில்லை. தங்களை யாரும் தேடி வருவார்களா என்றுதான் கேட்டாள். ‘என்னட்டத்தான் வரும். நீ எங்க இருந்தாலும் நான் வந்து சொல்லுவன்’ என்றேன்.

முடிவு வந்தபோது அவர்களை வேறொரு வலயத்துக்கு மாற்றியிருந்தார்கள். அனுமதி எடுத்து, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர ஐந்து நாள் ஆனது. 94 எடுத்திருந்தாள், வெட்டுப்புள்ளிக்குக் கீழே. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். தண்ணீர் வரிசையில் வாளியோடு நின்றவள் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு ‘வந்திட்டீங்கள்’ என்றாள். எத்தனை என்று பிறகுதான் கேட்டாள்.

உங்கள் பேரன் கேட்பதும் அதையேதான் அம்மா. அதற்குப் பதில் சொல்லப் படிப்புத் தேவையில்லை. ‘நீ என்ன எடுத்தாலும் அம்மா வருவா’ என்று இன்று இரவே, படுத்திருக்கும்போது சொல்லுங்கள். மகளுக்கு எப்போது லீவு என்று தெரிந்தால் அந்த மாதத்தைக் கலண்டரில் காட்டுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், பொய்த் திகதி சொல்ல வேண்டாம்.

படிப்புக்கும் உங்களால் செய்யக் கூடியது உண்டு. ‘காலில்லாப் பந்தல், காணக் காண விநோதம்’, அது என்ன என்று கேட்டு, வானம் என்று அவன் கண்டுபிடிக்கும் வரை விடாமல் இருப்பீர்களே, அந்த நொடிகளை ஒரு இரவுக்கு இரண்டு போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அவனைச் சொல்லச் சொல்லுங்கள். போனில் படிக்க விரும்பினால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழில் பாடங்கள் இருக்கின்றன, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக் காட்டுவார்கள். அரை மணித்தியாலம் போதும். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

மகளில் பிழை சொல்ல முடியாது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பிள்ளையிடம் வேறு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு யாரோடு விளையாடினாய், கோழி எத்தனை குஞ்சு பொரித்தது, அம்மம்மா என்ன கறி வைத்தா என்று கேட்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை போன் அடித்தால் முதலில் நீங்களே எடுங்கள். பேரன் இரவில் கேட்டதை அவளுக்கு அப்படியே சொல்லுங்கள். கொஞ்ச நேரம் அழுவாள், அழட்டும். அவள் குரல் தெளிந்த பிறகு போனைப் பேரனிடம் கொடுங்கள்.